சுவரில் தொங்கிய சாய்கோடு

அத்தியாயம் 11

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன், சாப்பிட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு வருவேனா மாட்டேனா என்று சொல்கிறேன். திரிப்போலியிலிருந்து நஜாத் இப்படிச் சொல்லித் தொலைபேசியை வைத்த நிமிடத்திலிருந்து, ஊரார் 'உஸ்தாஸ்', அதாவது ஐயா, என்று அழைக்கும் நக்லே கத்தாஸின் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

நஜாத், மாப்பிள்ளை இஹாபின் தாயார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர். நாலு மாதமாக மகனோடு "ம்", "ம்ஹூம்" என்ற இரண்டே சொற்களில் குடித்தனம் நடத்துபவர்.

காரணம் வாசகர்களுக்கு மறந்திருக்காது. நிச்சயதார்த்தத்தன்று உஸ்தாஸ் நக்லே அரக் மதுக் கோப்பையை உயர்த்தி, "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றவன் பேருக்கு எதிரே மதம்னு ஒண்ணும் இருக்கக் கூடாது. கோடுதான் இருக்கணும்!" என்று முழங்கினார். இருபது பேர் கைதட்டினார்கள். மறுவாரமே இஹாப் போய்க் கோடு போட்டுவிட்டு வந்தான். குடிமக்கள் பதிவேட்டில் 'ஸுன்னி' என்று இருந்த கட்டத்தில் இப்போது ஒரு சின்னச் சாய்கோடு. இரண்டு வாரம் கழித்து, அவன் பரீட்சை எழுதித் தேறியிருந்த அரசு வேலையும் போயிற்று. அது ஒரு ஸுன்னிக்கு ஒதுக்கிய வேலை. இஹாப் இப்போது எந்த ஒதுக்கீட்டிலும் இல்லாத மனிதன்.

மதகுரு இல்லாமல் கல்யாணம் பதிவாகாத நாட்டில், மதகுரு வேண்டாம் என்கிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் இஹாபும் உஸ்தாஸின் மகள் தாயிராவும் செய்யப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை விமானம். அரை மணியில் சைப்ரஸ். லார்னாகா நகரசபையில் பத்து நிமிடக் கையெழுத்து. சனிக்கிழமை திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் ஒலிவ மரங்களுக்கு நடுவே, பாதிரியாரும் ஷேக்கும் இல்லாத சடங்கு. அதை நடத்துபவர் மணப்பெண்ணின் அப்பா.

சடங்கில் கடவுள் கிடையாது. அவருக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய நேரம் முழுவதையும் உஸ்தாஸ் நக்லே எடுத்துக்கொண்டிருந்தார். உரை இருபத்திரண்டு பக்கம்.

இன்னொன்றும் நினைவிருக்கும். தேர்தலுக்கு ஏழு மாதம் இருக்கிறது. மதச்சார்பற்றோர் அணி கூரா தொகுதியில் உஸ்தாஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு. "கூராவுல இருக்கிற மூணு இடமும் ரூம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களுக்குத்தானே? கோடு போட்ட ஆளு எப்படிப்பா நிக்க முடியும்?" என்று தாயிரா இரண்டு வாரம் முன்பு கேட்டாள். "அதெல்லாம் வக்கீலுங்க பாத்துப்பாங்கம்மா" என்று அப்பா பேச்சை மாற்றினார்.

இனி, வியாழக்கிழமை.

*

காலை எட்டு மணிக்கு, சைப்ரஸ் கல்யாணங்களை ஹோட்டலோடு சேர்த்து விற்கும் பயண ஏஜெண்ட் பெய்ரூட்டிலிருந்து கூப்பிட்டான்.

"மதமாஸல் தாயிரா, உங்க பதிவுப் பத்திரம் மூணு மாசம் தாண்டிடுச்சு. நேத்தோட தாண்டிடுச்சு. லார்னாகாவுல வாங்க மாட்டாங்க. புதுசு எடுத்து டாக்சியில அனுப்புங்க. சீல் எல்லாம் நான் அடிச்சுக்கறேன்."

தாயிரா ஒரு வாய் காபியோடு காரை எடுத்தாள்.

முக்தார் ஃபாரிஸின் அறை பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே. ஊரில் பிறப்பவர்களையும் இறப்பவர்களையும் நடுவில் மணம் செய்துகொள்பவர்களையும் தாளில் ஏற்றுவது அவர் வேலை. முப்பது வருடமாக அதே மேஜை, அதே சாம்பல் கிண்ணம்.

"கல்யாணப் பொண்ணா! வா, வா. காபி?"

"நேரமில்ல முக்தார். ஒரு பதிவுப் பத்திரம் வேணும், எனக்கு மட்டும். பதினோரு மணி டாக்சியில போயாகணும்."

"சைப்ரஸுக்கா? நம்ம பாதிரியார் என்ன பாவம் பண்ணினார்? என்ன குரல் தெரியுமா அவருக்கு!"

"குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் தாயிரா.

அவர் எழுதினார், தெருவைக் கடந்து எதிர் அலுவலகத்துக்குள் போனார், அரை மணி கழித்துத் தாளோடு வந்தார். தாயிரா அதைப் பையில் வைக்கப்போனவள் நிறுத்தினாள்.

"முக்தார், இதுல எங்க எல்லார் பேரும் இருக்கு. இது குடும்பப் பத்திரம்."

"அடடா! கல்யாணம்னு காதுல விழுந்தாலே கை தானா இதைத்தான் எழுதுது. பாதிரியாருங்க இதைத்தானே கேப்பாங்க. இரு, மாத்திட்டு வரேன். அதை நீயே வச்சுக்கோ. ஃப்ரேம் போட்டு மாட்டு. உங்க வீட்டு வழக்கம்தானே!"

சிரித்துக்கொண்டே மறுபடி தெருவைக் கடந்தார்.

தாயிரா பொழுது போக அந்தத் தாளைப் படித்தாள். முதல் வரியில் அப்பா. பெயர், பிறந்த தேதி, ஊர், மதப்பிரிவு. இரண்டாம் வரியில் அம்மா ஜோர்ஜெத். மூன்றாம் வரியில் அவள். மதப்பிரிவுக் கட்டத்தில் அவளுக்கு ஒரு சாய்கோடு. அம்மாவுக்கு 'ரூம் ஆர்த்தடாக்ஸ்'.

அப்பாவுக்கும் 'ரூம் ஆர்த்தடாக்ஸ்'.

முக்தார் சரியான பத்திரத்தோடு திரும்பியதும், "இதுல தப்பு இருக்கு" என்றாள். "அப்பா கோடு போட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் பழசையே எழுதியிருக்காங்க."

முக்தார் சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்காமல் கீழே வைத்தார்.

"போடலையேம்மா."

"என்ன போடல?"

"மனு எழுதினார். நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலியிலதான். பச்சை மையில. நான்தான் முத்திரை ஒட்டிக் கொடுத்தேன். பத்திரிகைக்காரங்க ரெண்டு பேர் வந்து போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் காபி குடிச்சோம். ஒரு நகல் எடுத்துட்டு வரேன்னு மனுவை எடுத்துக்கிட்டுப் போனார்."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க வீட்டு ஹால்லதான் அதைப் பார்த்தேன். அசல் சுவத்துல தொங்கினா ஆபீஸ்ல என்ன இருக்கும்?"

"பதினஞ்சு வருஷமா யாரும் சொல்லலையே, முக்தார்?"

"யார் கேட்டா? ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் உங்கப்பா பேச ஆரம்பிச்சதும் வெளிய தம்மடிக்கப் போயிடுவாங்க."

தாயிராவுக்குத் தன் இருபத்தோராம் பிறந்தநாள் நினைவுக்கு வந்தது. அன்று அப்பாதான் அவளைக் கைபிடித்து இங்கே அழைத்து வந்தார். அவள் உள்ளே கையெழுத்துப் போட்டபோது அவர் உள்ளே வரவில்லை, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெருமையில் அழுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். சாயங்கால விருந்தில், "இந்த வீட்டுல இப்ப ரெண்டு கோடு!" என்று முழங்கினார்.

தன் பத்திரத்தைப் பெய்ரூட் டாக்சிக்காரரிடம் கொடுத்தாள். குடும்பப் பத்திரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். காரைக் கிளப்புவதற்குள் இஹாப் கூப்பிட்டான். பெய்ரூட்டில், அவனுடைய பழைய தனியார் வேலையில், விடுமுறைக்கு முந்தின கடைசி நாள்.

"அம்மா கிளம்பிட்டாங்க. இன்னிக்கு காலைல என்கிட்ட அஞ்சு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினாங்க, தெரியுமா!"

"என்ன பேசினாங்க?"

"'அந்த மஞ்சள் சட்டையைக் கழட்டித் தொலை.'"

அவன் குரலில் அத்தனை சந்தோஷம். தாயிரா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன ஹபீப்தி? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் வா. பேசணும்."

*

வீட்டில் உஸ்தாஸ் நக்லே நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார்.

"பாரும்மா! பேட்டரி விளக்கு. கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் போனாலும், இது மட்டும் எரியும்."

விளக்குக்குக் கீழே, பொன் வண்ணச் சட்டத்துக்குள், பச்சை மையில் அந்த மனு. 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், எந்த மதப்பிரிவையும் சாராத வெறும் குடிமகனாக...' வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் அதன் முன் ஐந்து நிமிடம் நிற்காமல் சோற்றைப் பார்த்ததில்லை.

தாயிரா நேரே சமையலறைக்குப் போனாள். ஜோர்ஜெத் கிப்பே இறைச்சி உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கொள்கைப்படி அரக் மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று உஸ்தாஸ் காலையில் சொல்லியிருந்தார். ஜோர்ஜெத் பாட்டிலை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

"அம்மா, அப்பா கோடே போடல. உனக்குத் தெரியுமா?"

ஜோர்ஜெத் திரும்பவில்லை.

"பதினஞ்சு வருஷமா அதைத் தூசி தட்டறேன். எனக்குப் படிக்கத் தெரியாதா? அந்த ஆணியில முன்னாடி புனிதர் மார் ஜிர்யோஸ் படம் இருந்தது. அதைக் கழட்டி அலமாரிக்குப் பின்னாடி வச்சுட்டு உங்கப்பா இதை மாட்டினார். நான் ரெண்டுத்துக்கும் தூசி தட்டறேன். அவர் குதிரை மேல உக்காந்திருக்கார், உங்கப்பா பேச்சு மேல உக்காந்திருக்கார். ரெண்டு பேரும் இறங்கப் போறதில்ல."

"இஹாபுக்கு வேலை போச்சும்மா."

ஜோர்ஜெத்தின் கை நின்றது. அடுத்த கிப்பே தட்டில் கோணலாக உட்கார்ந்தது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

*

நஜாத் சின்ன உருவம். கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. திரிப்போலியிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்ப்பு வரும்வரை இனிப்பும் காத்திருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் உஸ்தாஸ்" என்றார், இரண்டாவது திராட்சையிலைச் சுருளை முடித்துவிட்டு. "பாதிரியார்னா தலையில கிரீடம் வைப்பார். ஷேக்னா கையைக் கையில பிடிச்சு வைப்பார். அப்பத் தெரிஞ்சுடும், ஆச்சுன்னு. நாங்க குலவை போடுவோம். உங்க சடங்குல குலவை எப்ப போடறது?"

உஸ்தாஸின் முகம் மலர்ந்தது; ஊர் மரியாதைப்படி அவரை 'இஹாபின் அம்மா' என்றே விளித்தார். "அருமையான கேள்வி, உம்மு இஹாப்! பத்தொன்பதாம் பக்கத்துல அதுக்குன்னே ஒரு இடைவெளி விட்டிருக்கேன்."

"பத்தொன்பது பக்கம் வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காரணுமா?"

"வரலாற்றுப் பின்னணி சொல்லாம எப்படி..."

"எந்த நிமிஷத்துல இவங்க புருஷன் பெண்டாட்டி ஆகறாங்கன்னு கேக்கறேன். எனக்கு அது தெரியணும். தாயில்லையா நான்?"

ஜோர்ஜெத் அவசரமாகக் கிப்பேயை நீட்டினாள். உஸ்தாஸ் எழுந்தே விட்டார்.

"வாங்க. உங்க சந்தேகத்துக்கெல்லாம் பதில் இந்தச் சுவத்துல இருக்கு."

"அப்பா, சாப்பாடு ஆறுது" என்றாள் தாயிரா.

"ஆறட்டும்!"

அவர்கள் சட்டத்தின் முன் நின்ற அதே நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஹால் மங்கியது. பேட்டரி விளக்கு மட்டும் மனுவின் மேல் கம்பீரமாக எரிந்தது. உஸ்தாஸ் அதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டிருப்பார், சகுனங்களில் அவருக்கு நம்பிக்கை இருந்திருந்தால்.

"இது வெறும் காகிதம் இல்ல, உம்மு இஹாப். ஒரு சகாப்தம்."

நஜாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.

"வரவு எண் எங்கே?"

"என்ன எண்?"

"மனு உள்ள வந்தா மேல் மூலையில ஒரு நம்பர் விழும். ஒட்டின முத்திரை மேல ஒரு சீல் அடி விழும். முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கையாலதான் அடிச்சேன். இந்த முத்திரையைப் பாருங்க, புத்தம் புதுசு. பிச்சு இன்னொரு மனுவுல ஒட்டிக்கலாம்."

"இது... நகல்."

"நகல்ல யாரு முத்திரை ஒட்டுவா? மையைப் பாருங்க, பேனா அழுத்தின பள்ளம் தாள்ல தெரியுது."

உஸ்தாஸ் சிரிக்க முயன்றார். மகள் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா இவங்களுக்கு. நீயே பார்த்திருக்கே. சொல்லு."

தாயிரா தன் பையைப் பார்த்தாள். அப்பா எவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிறார்! ஒரு சொல் போதும். இருக்கிறது, நான் பார்த்தேன், பதிவாகியிருக்கிறது. நஜாத் நம்பினாலும் நம்பாவிட்டாலும் மேஜைக்குத் திரும்பிவிடலாம். சாயங்காலம் இஹாப் வருவான், வேறு சட்டையில்.

"முக்தார் இன்னிக்குக் கைதவறி எனக்குக் குடும்பப் பத்திரம் கொடுத்துட்டார்ப்பா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். உஸ்தாஸின் கை தானாகப் போய்ச் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"கொடுக்கணும்னுதான் இருந்தேன்" என்றார். "சத்தியமா. நகல் எடுக்கப் போனேன், அப்புறம் ஒரு வாரம் தள்ளிப்போச்சு... அப்புறம் நண்பர்கள் சொன்னாங்க, என்னிக்காவது தேர்தல்ல நிக்கணும்னா மதப்பிரிவு வேணும்னு. கோடு போட்டா நிக்கவே முடியாது! உள்ள போனாத்தானே இந்தச் சட்டத்தையே மாத்த முடியும்? யோசிச்சுப் பாருங்க. மதத்தை ஒழிக்க ஒரு ஆர்த்தடாக்ஸ் தேவைப்படறான்! யாராவது ஒருத்தர் தியாகம் பண்ணித்தானே ஆகணும்?"

"பண்ணியாச்சே" என்றார் நஜாத். "என் பையன்."

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு வந்தது. விளக்குகள் எரிந்தன.

"சைப்ரஸ்காரன் கோடு கேக்கல" என்றார் நஜாத், கண்ணாடியைக் கழற்றியபடி. "பாஸ்போர்ட் கேட்டான், பத்திரம் கேட்டான். கோடு நீங்கதான் கேட்டீங்க, இருபது பேருக்கு நடுவுல. என் பையன் செஞ்சது எனக்குப் பிடிக்கல உஸ்தாஸ். இன்னிக்கும் பிடிக்கல. ஆனா அவன் செஞ்சான். ஞாயித்துக்கிழமை நான் வரேன். முன் வரிசையில உக்காந்து இருபத்திரண்டு பக்கமும் கேக்கறேன். ஆனா பேசறவர் பேருக்கு எதிரே கோடு இருக்கணும். அது இல்லைன்னா இந்தப் பெட்டி என்னோட திரும்பிடும்."

உஸ்தாஸ் மகளைப் பார்த்தார். இப்போதாவது அவள் தன் பக்கம் பேசுவாள் என்று.

"சாயங்காலம் இஹாப் வருவான்" என்றாள் தாயிரா. "நாளைக்கு விமானம் ஏறறதுக்கு முன்னாடி நான் அவன்கிட்ட இதைச் சொல்லியாகணும். எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லிக்கொடுங்க. இத்தனை வருஷமா நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"தாயிரா, நீ அரசியலைப் புரிஞ்சுக்கணும்..."

"கோடு இல்லாம நீங்க நடத்தற கல்யாணத்துல நான் நிக்க மாட்டேன்ப்பா. அதுக்குப் பாதிரியாரையே கூப்பிட்டுக்கலாம். அவருக்குக் குரலாவது நல்லா இருக்கு."

உஸ்தாஸ் நக்லே வாயைத் திறந்தார். "ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வரேன்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

*

மூன்று பெண்களும் சாப்பிட்டார்கள். சாப்பிடுவதைத் தவிர வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"கிப்பேயில புதினா போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் நஜாத்.

"துளி."

"நல்லா இருக்கு."

ஜோர்ஜெத் தண்ணீர்க் குவளையை எடுக்க ஹாலுக்குப் போனாள். போனவள் வெறுங்கையோடு வந்தாள்.

"விளக்கு எரியுது. சட்டத்தைக் காணோம்."

தாயிரா எழுந்து ஓடினாள். சுவரில் வெளிறிய ஒரு சதுரம். நடுவில் ஆணி. பேட்டரி விளக்கு அந்த ஆணியை மிகுந்த மரியாதையோடு காட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தில் அப்பாவின் கார் இல்லை.

மணி ஒன்று இருபது. பதிவு அலுவலகம் இரண்டுக்கு மூடும்.

"எங்கயாவது கொண்டுபோய் எரிச்சுடப் போறார்" என்றாள் ஜோர்ஜெத். "இல்ல, புது வரவு எண் எழுதிக்கிட்டு வந்து மாட்டப் போறார்."

"எழுதினா கண்டுபிடிச்சுடுவேன்" என்றார் நஜாத்.

ஒன்று ஐம்பதுக்குத் தாயிராவின் போன் அடித்தது. முக்தார் ஃபாரிஸ். அவள் ஒலிபெருக்கியைப் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"உங்கப்பா இங்கதான் இருக்கார்மா" என்றார் முக்தார், ரகசியக் குரலில். "சட்டத்தை மேஜை மேல வச்சு, பிரின்னார். பிரிச்சோம். தாள் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருந்தது. பதினஞ்சு வருஷ வெயில் இல்லையா? கத்தியால மெதுவா நெம்பி எடுத்தேன். எழுத்தெல்லாம் வந்துடுச்சு. கையெழுத்து மட்டும் கண்ணாடியிலேயே நின்னுடுச்சு."

"கையெழுத்து இல்லாத மனு செல்லாது" என்றார் நஜாத், போனை நோக்கி.

"யாரது? சரியாச் சொன்னீங்க. நானும் அதைத்தான் சொன்னேன். புதுசா ஒண்ணு போடுங்க உஸ்தாஸ், எதிர்ல ஓடிப்போய்க் கொடுத்துட்டு வரேன்னு பேனாவை நீட்டினேன். வாங்கிக்கிட்டார்."

"போட்டாரா?" என்றாள் தாயிரா.

"போடறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணும்னார்."

ஜோர்ஜெத் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆனா பேசல" என்றார் முக்தார். "அதான் எனக்குப் பயமா இருக்கு. சும்மா உக்காந்திருக்கார். மூடியைத் திறக்கறார், மூடறார். இப்பத் திறந்திருக்கார். எதிர்ல ஜன்னலைச் சாத்த ஆரம்பிச்சுட்டாங்கம்மா. போனை வைக்காதே, இரு..."

போன் கிப்பேத் தட்டுக்கும் பிரிக்காத இனிப்புப் பெட்டிக்கும் நடுவில் கிடந்தது. அதிலிருந்து ஒரு நாற்காலி நகரும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

நஜாத் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். வலது கையை மெல்லத் தூக்கி மேலுதட்டுக்கு மேல் குடையாகப் பிடித்து, நாக்கைக் குலவைக்குத் தயாராக வைத்துக்கொண்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

எப்போது என்று அவர் இப்போது யாரையும் கேட்கவில்லை.